ஒரு விரல் அகலம்

முப்பத்தொன்று. சீட்டில் அப்படித்தான் இருக்கிறது, எண்ணுக்குக் கீழே பச்சை மையில் மங்கை என்று எழுதியிருக்கிறார்கள். மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரைத்தான் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடம் போதாது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். எழுபத்துநாலு வயதில் மங்கை. மேடையில் இப்போது பதினெட்டாம் எண் பேசிக்கொண்டிருக்கிறது. யாரோ கட்சிக்காரர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சொன்னார்கள், நிமிடம் முடிந்தால் மணி அடிப்போம் என்றார்கள், பூஜை மணி ஒன்று மேசைமேல் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் இவருக்கு அது அடிக்கவில்லை. நேற்று இந்த மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம். மேடைத் திரையிலிருந்து தெர்மாகோல் எழுத்துகளைப் பிய்த்தவர்கள் பாதியில் சாப்பிடப் போய்விட்டார்கள் போல, பெண்ணின் பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும் தொங்குகிறது, வமதி. அதை மறைத்தும் மறைக்காமலும் ஒரு பேனர்: பழைய அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளத்தில் சூரிய மின் பூங்கா, பொதுமக்கள் கருத்துக் கேட்பு. பூங்கா. நல்ல சொல்தான். முந்நூறு ஏக்கரில் முப்பத்தைந்து வருடமாகக் கொட்டிய சாம்பல், அதன்மேல் இரண்டடி மண், மண்மேல் கண்ணாடித் தகடுகள், அதற்குப் பூங்கா. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வாக்கியம். நிலையத்து ஆய்வகப் பதிவேட்டில், இல்லை என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் சோதிக்கவில்லை என்று படிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆட்டோவில் வரும்போது இருபது தடவை சொல்லிப் பார்த்தேன், பத்து விநாடிகூட ஆகவில்லை. மூன்று நிமிடத்தில் மீதியை என்ன செய்வது என்று ஒரு கவலை, அந்தப் பத்து விநாடி வாயில் வருமா என்று ஒரு கவலை. தண்ணீர் கொண்டுவந்திருக்கலாம். வாசலில் பாக்கெட் மோர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன், எதற்கு வேண்டாம் என்றேன், யாருடைய மோரோ என்று ஒரு வீம்பு. வீம்புக்கு மட்டும் இந்த உடம்பில் குறைவில்லை.

பக்கத்து நாற்காலியில் கன்னியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். சங்குமேட்டுக் குப்பத்துக்காரி, கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவள், அவள் அம்மாவும் அப்படித்தான் பிடித்தாள். கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நகங்கள் ஓரத்தில் கறுத்து, விரல் இடுக்கில் தோல் வெள்ளையாகச் சுருண்டு உரிந்திருக்கிறது. “இன்னா லேபம்மா, காலு ஆடிக்கினே கீது” என்றாள். குப்பத்தில் எனக்கு அந்தப் பெயர்தான், நிலையத்துக்குள் இருந்த ஆய்வகத்தில் வேலை பார்த்ததால் லேபம்மா, ஓய்வுபெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் லேபம்மா, அதுவாவது முழுசாக இருக்கிறது. ஆடவில்லை என்றேன். “ஆடலனா சரி. நீ முப்பத்தொண்ணு, நானு முப்பத்தஞ்சி. நீ படிச்சவ சொல்லிட்டியின்னா நா ஏறி ஆமா அதான்னு சொல்லிட்டு எறங்கிருவேன். நீ சொல்லலன்னு வெச்சிக்க, நான் இன்னாத்த சொல்றது? கையத்தான் காட்டணும். கையக் காட்னா சோப்புப் போட்டுக் கழுவும்மான்றான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சோலாரு வேணாம்னு ஒண்ணும் நாங்க சொல்லல. எங்கூட்டு மாடிலயே ஒண்ணு கீது, பையன் மாட்னான். கீழ கெடக்கறத அள்ளிட்டு மேல வைய்யி. சாப்ட்ட எலய எடுக்காமயே அது மேல எல போடுவியா நீ” என்றாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எவ்வளவு சுலபமாக ஒரு வாக்கியம் அவளுக்கு வந்துவிடுகிறது. கல்லூரியில் தமிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர், ஆண்டு மலரில் என் கவிதை மூன்று வருடம் வந்தது, வேதியியல் படிக்கிற பெண் வெண்பா எழுதுகிறாள் என்று வேறு துறைப் பேராசிரியர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தத் தமிழ்தான் இங்கே என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் இன்றைக்கு அதை மட்டும்தானே நினைக்க வேண்டியிருக்கிறது. எண்பத்தெட்டில் உத்தரவு வந்தது, எல்லாப் பதிவேடும் இனித் தமிழில். கொதிகலன் பிரிவில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் மட்டும் யாரும் கவலைப்படவில்லை, மங்கையர்க்கரசி மேடம் இருக்கிறாரே. நான்தான் படிவம் வரைந்தேன், அடிமட்டம் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. சாம்பல் குளத்திலிருந்து வழிந்து கழிமுகத்துக்குப் போகும் தண்ணீருக்கான படிவம். நாள், நேரம், வெப்பம், கார அமிலத் தன்மை, மிதக்கும் துகள், எண்ணெய்ப் பசை, கடைசியில் கன உலோகம், அதாவது ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டம். தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடம் அதுதான், ஒரு விரல் அகலம். அந்தச் சோதனையைச் செய்ய எங்களிடம் கருவி கிடையாது. அதனால் ஆங்கிலப் பதிவேட்டில் அந்த இடத்தில் என்.டி., அதாவது நாட் டன் என்று எழுதிக்கொண்டிருந்தோம், செய்யவில்லை என்பதற்கு அது குறி, எங்கள் நாலு பேருக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரிய வேண்டும். தமிழில் என்ன போடுவது? சோதனை செய்யப்படவில்லை என்று எழுதிப் பார்த்தேன், கட்டத்துக்கு வெளியே வழிந்து ஓரத்தைத் தாண்டியது. பொடி எழுத்தில் எழுதினேன், அசிங்கமாக இருந்தது. பிறகு இல்லை என்று எழுதினேன். எவ்வளவு அழகாக உட்கார்ந்தது. இரண்டே அசை. நாக்கின் நுனி ஒரு முறை மேலே தொட்டு எடுத்தால் முடிந்துவிடும் சொல். சோதனை இல்லை என்ற பொருளில்தான் எழுதினேன், அதில் சந்தேகமே வரவில்லை எனக்கு, எழுதியவளுக்கு எப்படி வரும், சோதனை என்ற முதல் பாதி என் தலைக்குள் இருந்ததே. அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை இருபத்திரண்டு வருடம், நாளுக்கு ஒரு வரி, கன உலோகம் என்ற தலைப்பின் கீழே இல்லை, இல்லை, இல்லை. ஏறக்குறைய எட்டாயிரம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து, அது மட்டும் முழுப் பெயரில். போன மாதம் திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வீடு வீடாகக் கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று வந்தது, பதினேழாம் பக்கத்தில் அது இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுத் தொடர் பதிவுகளின்படி வழிநீரில் கன உலோகங்கள் இல்லை என்பது தெளிவாவதால் சாம்பலை அகற்றத் தேவை எழவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் என் கையால் எழுதியதை அவர் எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்திருக்கிறார்.

இருபத்தொன்று. மின்சாரம் போய்விட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நிற்கிற சத்தம், அதற்கு ஒரு இசை உண்டு, எண்பதுகளில் அதைக் கேட்காத நாள் கிடையாது. ஒலிபெருக்கி செத்துப்போய் இருபத்தொன்றாம் எண் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல், “வெளிய வெயிலு சும்மாத்தானே கீது, அதப் புடிச்சி மாட்டுங்கப்பா.” மண்டபமே சிரிக்கிறது, அதிகாரிகளும் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பு எனக்கு ஏன் எரிச்சலாக இருக்கிறது. ஊரே இருட்டில் கிடந்தபோது நாங்கள் எரித்தோம். கப்பல் வராமல் நிலக்கரி மேடு கரைந்துபோகும் நாட்களில் சாதம் இறங்காது எனக்கு. மேட்டிலிருந்து எடுத்து வந்த கரியை இடித்துச் சலித்து, ஒரு கிராம் நிறுத்து, மூசைக் கிண்ணத்தில் வைத்து உலையில் எரித்து, மிஞ்சுவதை நிறுப்பேன். நூறில் நாற்பது பங்கு சாம்பல். நாற்பத்திரண்டு. ஒரு முறை நாற்பத்தாறு. கரி என்று சொல்லிக்கொண்டு பாதி மண்ணை எரித்தோம், அந்த மண் முழுதும் எங்கே போயிருக்கும், புகைபோக்கியில் கொஞ்சம், மிச்சம் குழாயில் கரைந்து குளத்துக்கு. அது எனக்குத் தெரியாதா. சாம்பலை நிறுத்தவளுக்குச் சாம்பல் போகுமிடம் தெரியாதா. தெரிந்தும், பரீட்சைக் காலத்தில் வீட்டு ஜன்னல்களில் விளக்கு எரிவதைப் பேருந்திலிருந்து பார்க்கும்போது அது என் விளக்கு என்று நெஞ்சு நிறைந்ததும் பொய்யில்லை. எதையும் முழுசாக வெறுக்க முடியவில்லை, எதிலும் முழுசாகப் பெருமைப்படவும் முடியவில்லை, இந்த வயதில் இரண்டில் ஒன்றாவது வாய்த்திருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு மாடியிலிருந்து புகைபோக்கியைப் பார்ப்பேன். முதலில் எந்நேரமும் புகை. பிறகு காற்றாலைகள் சுற்றும் ஆனி ஆடியில் புகை கிடையாது. அப்புறம் சூரிய மின்சாரம் வந்ததும் பகலில் புகை கிடையாது, சூரியன் இறங்கும்போது கொளுத்துவார்கள், சூரியன் ஏறியதும் அணைப்பார்கள். ஒரே சீராக எரிய வேண்டும் என்று கட்டிய கொதிகலன், இப்படிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, உள்ளே குழாய்கள் வெடிப்பு விட்டன. கடைசியில் ஒருநாள் அணைத்தார்கள், மறுபடி கொளுத்தவில்லை. சரிதான், அது போக வேண்டியதுதான், வெயில் வரட்டும், வெயிலில் சாம்பல் கிடையாது. ஆனால் போகிறது தன் எச்சிலை வாரிக்கொண்டு போக வேண்டாமா? ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள். மண்டபத்துப் பின்பக்கம் டீசல் புகை. இருபத்தொன்றாம் எண் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

இரண்டு வரிசை முன்னால் தெரிகிற அந்த வழுக்கை வேதமாணிக்கத்தினுடையது என்று வந்ததுமே கண்டுகொண்டேன், கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். என் கீழே உதவியாளராகச் சேர்ந்து, மாதிரி எடுக்கும் பாட்டில்களைச் சுமந்து, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி வேதியியலாளராகவே ஓய்வு பெற்றவர். இருபத்தைந்தாம் எண்ணின்போது எழுந்து வந்தார், என் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதருகே குனிந்தார். “நீங்க வருவீங்கன்னு தெரியும் மேடம். அதான் நானும் வந்தேன். பேர் குடுத்திருக்கீங்களா?” கொடுத்திருக்கிறேன் என்றேன். “எதுக்கு மேடம்? நம்ம மேல என்ன தப்பு? மிஷின் கேட்டு மூணு தடவ எழுதினோம். அவசியம் இல்லைன்னு பதில் போட்டாங்க. நம்ம இல்லைய மட்டும் தோண்டுறீங்க, அவங்க இல்லைய விட்டுட்டீங்க.” இந்த மனிதருக்கு எப்போதும் கடைசியில் ஒரு குத்து வைத்துப் பேசத் தெரியும். நிலையம் மாலையில் மட்டும் எரிய ஆரம்பித்த காலத்தில் தெருவில் பார்த்துச் சொன்னார், நம்ம எல்லாரையும் நைட் வாட்ச்மேன் ஆக்கிட்டாங்க மேடம் என்று. அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சொன்னேன், “அந்தக் கடிதம் மூன்றும் இப்போது எங்கே இருக்கிறது, வேதமாணிக்கம்? பதிவேடுதான் இருக்கிறது.” அவர் இன்னும் கிட்டே குனிந்தார். ஜெனரேட்டர் சத்தம். “சரி, சொல்றீங்க. சொன்னா என்ன ஆகும்? பேப்பர்ல போடுவான், ஆய்வகம் இருபத்திரண்டு வருஷம் பொய் எழுதிச்சுன்னு. பொய்யா மேடம் எழுதினோம்? எம் பேரன் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” நான் திரும்பவில்லை. “நாம ஏமாத்தல மேடம். நாம நமக்குச் சோறு போட்ட இடத்துக்கு நேர்மையாத்தான் இருந்தோம்.” நாம, நாம என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்னியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, “இன்னா பெரியவரே, காதுல ஊதிக்கினு கீற, அந்தம்மாவ உடு, அதுக்கே மூச்சு வாங்குது” என்றாள். எழுந்து போய்விட்டார். போகிறபோது என் நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார், மாதிரி பாட்டிலின் மூடி இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

நாம். அவர் சொல்கிற நாமில் இந்தக் கன்னியம்மாள் உண்டா? நாம் என்றால் கேட்கிறவரையும் சேர்த்து, நாங்கள் என்றால் கேட்கிறவரை நிறுத்திவைத்து. நாம் சோதிக்கவில்லை என்று இவள் முன்னால் சொல்ல முடியுமா, இவளா சோதித்திருக்க வேண்டும். நாங்கள் என்றால் வேதமாணிக்கத்தின் தலையும் உருளும். நான் என்றால். நான் என்று சொல்லத்தான் வேண்டும், படிவம் என்னுடையது, சொல் என்னுடையது. இருபத்தேழு.  அறிவு கலங்கிப்போன கிழவி என்று நினைப்பார்களோ, இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்களோ, கேட்டால் என்ன சொல்வேன், போன மாதம்தான் தெரிந்தது என்றா. போன மாதம்தான் தெரிந்ததா? இது ஒரு முள், நினைவு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இதில் வந்துதான் மாட்டுகிறது. தொண்ணூற்று நாலு, மார்கழி. வழிநீர் விழுகிற மதகில் நான் நிற்கிறேன், வேதமாணிக்கம் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். விடியற்காலைப் பனி, கழிமுகம் முழுக்க வெள்ளை, அந்த மதகருகே மட்டும் தண்ணீரிலிருந்து ஆவி எழுகிறது, நிலையத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் குளிர்காலத்தில் பெண்கள் எல்லாம் அங்கேதான் வந்து உட்கார்ந்து தடவுவார்கள், கழுத்துவரை சாம்பல்நிறத் தண்ணீர், தலைகள் மட்டும் மேலே. அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்று அப்போது நினைத்தேன், அதற்கு ஒரு வரிகூட மனசுக்குள் எழுதினேன், அது என்ன வரி, நல்ல வேளை மறந்துவிட்டது. அதில் ஒரு தலை, வாலிபத் தலை, கேட்டது: ஏம்மா, தெனம் மொண்டுக்கினு போறியே, தண்ணில இன்னாதான் கீது? நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், ஒண்ணும் இல்லை. மொண்டுபோகிற தண்ணீரில் எதைப் பார்க்கிறோம் எதைப் பார்க்கவில்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது என்று ஒரு சோம்பல், ஒரு பிரியம்கூட, பயப்படாதே என்கிற பிரியம். படிவத்தில் எழுதியது தவறு. இது தவறு இல்லையே. இதற்குக் கட்டம் சின்னதாக இருந்தது என்று சொல்ல முடியாது. வாய்க்கு என்ன கட்டம்.

“கன்னியம்மா” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “உனக்கு ஞாபகம் இருக்கா, ரொம்ப வருஷம் முன்னால, மதகுகிட்ட, நீ என்னை ஒண்ணு கேட்டே.” அவள் உடனே, ஏதோ நேற்று நடந்ததைச் சொல்வதுபோல, “தண்ணில இன்னா கீதுன்னேன். ஒண்ணுமில்லன்ன. அது இன்னா இப்ப” என்றாள். அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் அவள் அதை வைத்திருந்திருக்கிறாள், கோபமாகக்கூட இல்லை, சும்மா வைத்திருந்திருக்கிறாள். அவள் நம்பினாளா? நம்பித்தான் அங்கேயே உட்கார்ந்தாளா, நம்பாமலேயே வேறு வழியின்றி உட்கார்ந்தாளா, எது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் என்று மனம் கணக்குப் பார்க்கிறது, சீ. “நான் பார்க்கவே இல்லை, கன்னியம்மா. பார்க்காமல் சொன்னேன்” என்றேன். அவள் மடியிலிருந்த கைகளைப் புரட்டிப் பார்த்தாள், ஏதோ அவற்றில் எழுதியிருப்பதுபோல. முப்பது என்று கூப்பிட்டார்கள். பிறகு அவள் சொன்னாள், “அத்த எங்கிட்ட சொல்லிக்கினு கீறியே. அங்க போயி சொல்லு.”

“முப்பத்தொண்ணு. மங்கை. மங்கை வந்திருக்காங்களா?” என்று ஒலிபெருக்கி கேட்டது. மங்கை எழுந்தாள். முழங்கால், நாற்காலி, யாரோ கை கொடுத்தார்கள். மேடையின் கீழே ஒலிவாங்கி, அதன் பக்கத்தில் சிறு மேசை, மடிக்கணினியோடு ஒரு நடுவயதுப் பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள், பாதி மல்லிகை வாடின தலை, காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை பாவம். அவள் திரை எனக்குத் தெரிகிறது. எண், பெயர், ஆட்சேபம். கோடு போட்ட கட்டங்கள்.  நான் பெயரைச் சொன்னேன், நிலையத்தில் எத்தனை வருடம் என்ன வேலை என்று சொன்னேன், வெயிலில் மின்சாரம் எடுப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று சொன்னேன், அது மரியாதைக்குச் சொன்னது, ஆரம்பிக்க ஒரு படி வேண்டுமே என்று சொன்னது. மேடையிலிருந்த அதிகாரி தலையசைத்தார். “நல்லதும்மா. சீனியர் ஆபிசர், ஆட்சேபம் இல்லைன்னு பதிவு பண்ணிக்கலாம். நன்றி.” திரையைப் பார்த்தேன். முப்பத்தொன்று. மங்கை. இல்லை. ஒரு விரல் அகலக் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, இல்லை. என் கையெழுத்து அல்ல, அச்செழுத்து, ஆனால் எனக்குத் தெரியாதா அந்தச் சொல்லை. எட்டாயிரத்து ஒன்று. கை ஒலிவாங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டது.

“நான் இன்னும் சொல்லவில்லை” என்றேன். “அதை அழியுங்கள்.” தட்டச்சுப் பெண் நிமிர்ந்தாள். பிறகு நான் சொன்னேன், ஆட்டோவில் இருபது தடவை சொன்ன மாதிரி இல்லை, உடைந்து உடைந்து, நடுவில் இருமி, ஆனால் சொன்னேன். அறிக்கையில் பதினேழாம் பக்கம், நான் கையெழுத்துப் போட்ட பதிவேடு. அந்தப் பதிவேட்டில் இல்லை என்று இருப்பதற்கு உலோகம் இல்லை என்று பொருள் அல்ல. சோதனை இல்லை என்று பொருள். எங்களிடம் கருவி கிடையாது. ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன், தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள். மண்டபத்தில் சத்தம் எழுந்து, அடங்கியது. அறிக்கை எழுதிய இளைஞர், மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், காகிதங்களைப் புரட்டி, புரட்டியதையே புரட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, நீங்க கையெழுத்துப் போட்ட பதிவேடுன்னு சொல்றீங்க. அப்ப எழுதினது தப்புன்னா சொல்றீங்க?” மணி அடித்தது. கட்சிக்காரருக்கு அடிக்காத மணி. “டைம் முடிஞ்சிருச்சு, சுருக்கமா என்ன பதியணும்னு சொல்லிட்டுப் போங்கம்மா.” தட்டச்சுப் பெண் என்னைப் பார்த்தாள். கன உலோகச் சோதனை செய்யப்படவில்லை என்று அவளாகவே அடிக்க ஆரம்பித்தாள், அரசாங்கத் தமிழ் பழகிய விரல்கள், செய்யப்படவில்லை, யாரும் செய்யாமலே தானாக நடக்காமல் போனதுபோல. “இல்லைம்மா” என்றேன், “செய்யவில்லை என்று போடுங்கள். நான் செய்யவில்லை.” அவள் அழித்தாள். நான் என்று அடித்தாள்.

“நாங்கள்னு போடுங்க.” பின்னாலிருந்து வந்த குரலுக்கு நான் திரும்பத் தேவைப்படவில்லை. நாற்காலி உரசும் சத்தம். “வேதமாணிக்கம், ஓய்வு, வேதியியல். பாட்டில எறக்கினவன் நான். எனக்கு டோக்கன் எல்லாம் கிடையாது, சும்மா சொல்றேன். அந்தம்மா மட்டும் தனியா ஒண்ணும் பண்ணாம இருந்திடல. நாங்கள்னு போடுங்க.” எரிச்சலாகத்தான் சொன்னார், வீட்டுக்குப் போக வேண்டியவரை யாரோ பிடித்து நிறுத்தி வைத்ததுபோல. கன்னியம்மாள் பக்கமிருந்து ஒரு செருமல், அது சிரிப்பா என்னவோ. தட்டச்சுப் பெண் அழித்துவிட்டு மறுபடி அடித்தாள், நாங்கள், பிறகு சோதனை, பிறகு செய், அங்கே கோடு வந்து தடுத்தது, மீதி எழுத்து கீழே மடங்கி ஒளிந்துகொண்டது, திரையில் தெரிவது நாங்கள் சோதனை செய் என்பது மட்டும். அவள் இரண்டு முறை முயன்றாள். “கட்டத்துல புடிக்க மாட்டேங்குது மேடம்” என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, நானும் அவளும் ஒரே ஆபிஸில் வேலை பார்க்கிறவர்கள் மாதிரி. “சுருக்கமா வேற ஏதாச்சும் வார்த்தை சொல்லுங்களேன்.” மணி இன்னொரு முறை அடித்தது. முப்பத்திரண்டு என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது, பின்னால் ஒருவர் வந்து நின்று தொண்டையைச் செருமினார். எனக்குச் சொற்கள் தெரியும், எவ்வளவோ தெரியும், இரண்டசையில் மூன்றசையில் அழகழகாகத் தெரியும். “கட்டத்தைப் பெரிசாக்குங்கம்மா” என்றேன். அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள், பிறகு கோட்டின்மேல் அம்புக்குறியை வைத்துப் பிடித்து இழுத்தாள். மற்ற கட்டங்கள் நெருங்கி ஒதுங்கின. செய்ய வந்தது. செய்யவி வந்தது. அந்தச் சொல் கடைசி எழுத்துவரை உள்ளே வந்து சேரும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.